சும்மா ஒரு ராத்திரி

பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டம். அங்கே ஸ்டோரில் தீப் போடுவது சோணைக்குச் சோலி. பறித்து வந்த பச்சைக்காயைப் பரப்பி, கீழே ஓடுகிற இரும்புக் குழாய்க்குள் விறகை எரித்து, ராத்திரி முச்சூடும் சூடு ஏறிவிடாமலும் இறங்கிவிடாமலும் காய வைக்கிற கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பேர். சூடு கூடினால் காய் நிறம் கெடும்; குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் தோட்டமே தூங்கும்போது சோணை முழித்திருப்பான். தோட்டம் முழித்ததும் அவன் போய்ப் படுப்பான்.

அவன் பெண்டாட்டி சுருளியம்மாள் காய் எடுக்கிறவள். விடியக் கருக்கலில் அவன் உடம்பெல்லாம் புகையும் ஏலக்காய் வாசமுமாக, கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துப் படி ஏறுகிறபோது, அவள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அதே படியில் இறங்குவாள்.

“சட்டியில கஞ்சி இருக்கு.”

“ம்.”

“தொவையல மூடி வச்சிருக்கேன். பூனை வருது.”

“ம்.”

கலியாணமாகி மலையேறிய நாளிலிருந்து அவர்கள் குடித்தனம் பெரும்பாலும் இந்தப் படியில்தான் நடந்தது.

காய் எடுப்பு இல்லாத மாசங்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? லயத்தில் ஒரு அறைக்கு ரெண்டு குடும்பம். நடுவில் சாக்கைக் கிழித்துத் தைத்த ஒரு படுதா. படுதாவுக்கு அந்தப் பக்கம் மொக்கையன், அவன் பெண்டாட்டி கருத்தம்மா, மூன்று பிள்ளைகள். ராத்திரியானால் பெண்டு பிள்ளைகள் உள்ளே, ஆம்பளைகள் ஸ்டோர் வராந்தாவில். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனால் எல்லா லயத்திலும் அப்படித்தான். புருசனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் விறகு பொறுக்குகிற சாக்கில் சோலைக்குள் போக வேண்டும். அங்கே அட்டை ஏறி, பேச்சு பாதியில் நின்று, ஆளுக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அட்டை பிடுங்குவதிலேயே பொழுது போய்விடும்.

தை மாசம் கடைசி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஓடையில் குடத்தைச் சாய்த்தபடி சுருளியம்மாள் சொன்னாள்.

“மாசிப் பவுர்ணமி கழிஞ்ச மறுநா நான் செலமலைக்குப் போறேன்.”

“சரி. அண்ணன் வீட்டுல நாலு நா இருந்துட்டு வா.”

“போறேன்னுதான சொன்னேன்? வர்றேன்னு சொன்னேனா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் எதையாவது திருப்பிச் சொல்லியிருப்பான். அவள் கோபப்படவில்லை. குடம் நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குடம் நிறைந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அன்றைக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு அந்தத் திட்டு ஞாபகம் வந்தது.

ஆனையிறங்கலில் அணை கட்டித் தண்ணீர் தேங்கிய இடம், மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஏரியாகக் கிடக்கிறது. பழைய குன்றுகளின் தலைகள் ஆங்காங்கே தண்ணீருக்கு மேலே நிற்கும். கொஞ்ச நாளைக்கு முன்னால் மூட்டை ஏற்றிப்போன ஜீப்பில் அந்த வழியாக வந்தபோது, ஒரு திட்டின் மேல் வெள்ளையாக ஒரு கூடாரம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு படகு. புல்லில் ஒரு ஆணும் பெண்ணும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரு மச்சான் அது?” என்று சோணை கேட்டான்.

“ஏதோ எஸ்டேட்டு மொதலாளிக்கு வேண்டியவுக. துடுப்புப் போட்டுப் போயி ராத்திரி அங்கனயே தங்கிட்டு வர்றாக” என்றான் டிரைவர் உக்கிரபாண்டி.

“எதுக்கு?”

“எதுக்கா? சும்மாதான்.”

ஜீப்பு வளைவில் திரும்பியது. திட்டு மறைந்தது. அந்தச் ‘சும்மா’ மட்டும் சோணையோடு கூடவே வந்து, ஸ்டோருக்குள் நுழைந்து, அடுப்பு முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அங்கே காயாத துணி இல்லை, அளக்காத காய் இல்லை, கங்காணி இல்லை, படுதா இல்லை. நாலு பக்கமும் தண்ணீர். நடுவில் புல். புல்லின் மேல் ரெண்டு பேர். அப்படியும் மனுசர்கள் இருக்கிறார்கள்.

சுருளியம்மாள் போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி அவளை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். திட்டுக்குப் போய்வந்த பிறகு அவள் இருப்பாளா இறங்கிவிடுவாளா என்பது அவள் பாடு. ஆனால் இந்த மலையில் படுதா ஒன்றையே பார்த்துவிட்டு அவள் இறங்கக் கூடாது.

அன்று முதல் தீயைத் தள்ளுகிற நேரமெல்லாம் மனசுக்குள் திட்டுக்குப் போகிற வேலை நடந்தது. படகுக்கு எங்கே போவது? லாரி டியூபு ரெண்டைக் காற்றடித்து, மேலே மூங்கிலைக் குறுக்கே கட்டி, அதன் மேல் சாக்கை விரித்தால் ரெண்டு பேர் உட்காரலாம். துடுப்புக்கு ஸ்டோரில் கிடக்கிற பலகை. கூடாரத்துக்கு மழைக்குப் போர்த்துகிற படங்கு. கம்பளி ரெண்டு. தீப்பெட்டியை நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்ற வேண்டும். கருப்பட்டி, காப்பித்தூள், ஒரு சட்டி. கல் அங்கேயே கிடக்கும். கருவாடு கொண்டுபோகலாமா? வேண்டாம், வாசத்துக்குக் கரடி வரும். திட்டுக்குக் கரடி எப்படி வரும்? நீந்தி வரும். சரி, துவையல் போதும். சாயங்காலம் காற்று போடி மெட்டுப் பக்கமிருந்து அடிக்கும். அதற்கு முன்னால் தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். பவுர்ணமியாக இருந்தால் விளக்கு வேண்டாம்.

விடிகிற நேரத்தில் அடுப்பை அணையவிட்டு வெளியே வருவான். ஸ்டோர் முற்றத்திலிருந்து பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சு இறங்கி, வெள்ளைத் தண்ணீராகத் தேங்கிக் கிடக்கும். மலைகளின் உச்சிகள் மட்டும் மேலே நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு திட்டு. விறகுக் கட்டை ஒன்றில் குதிரைமேல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, பலகையைக் கையில் பிடித்து, அந்த மஞ்சுக்குள் துடுப்புப் போட்டுப் பழகினான். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. கட்டை நகரவில்லை, ஆனால் மஞ்சு நகர்ந்தது. மஞ்சு நகர நகர, தானே போகிறாற்போல இருந்தது. சில்லென்று ஏதோ முகத்தில் தெறித்தது. முன்னால் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியும், அவள் கொண்டையில் பனி கோத்திருக்கிற மாதிரியும் தோன்றியது.

“ஏலே, கட்டை மேல உக்காந்து என்னத்தடா கிண்டுற? களியா?”

கங்காணி வெள்ளைத்துரை பின்னால் நின்றுகொண்டிருந்தார். சோணை பலகையைக் கீழே போட்டான்.

“கை மரத்துப்போச்சுண்ணே. உருவி விட்டேன்.”

“மரத்தது கையி மாதிரித் தெரியல. போய்ப் படு.”

டியூபுக்கு உக்கிரபாண்டியை விட்டால் வேறு நாதியில்லை. லோடு இறக்க வந்தவனிடம் மெல்லக் கேட்டான்.

“டியூபா? எதுக்கு மாப்ளே?”

“அணைத் தண்ணிக்குள்ள ஒரு திட்டு இருக்குல்ல மச்சான். பவுர்ணமியன்னைக்கு நானும் அவளும் போயி ஒரு ராத்திரி தங்கணும்.”

உக்கிரபாண்டி இறக்கிக்கொண்டிருந்த மூட்டையைக் கீழே வைத்தான். காதில் சொருகியிருந்த பீடியை எடுத்தான், பற்றவைக்காமல் திரும்பச் சொருகினான். அவன் முகம் இளகிப்போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

“எந்தச் சாமிக்கு மாப்ளே நேந்திருக்க?”

சோணைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிள்ளை இல்லாத புருசனும் பெண்டாட்டியும் ஆளில்லாத இடத்தில் போய் ஒரு ராத்திரி தங்குகிறார்கள் என்றால், மலைக்கு மேலேயும் மலைக்குக் கீழேயும் அதற்கு ஒரே அர்த்தம்தான். சும்மா என்று சொல்ல வாயெடுத்தான். அந்தச் சும்மா முதலாளி வீட்டுப் படகில் வருகிறபோது இருந்த மாதிரி அவன் வாயில் இல்லை. கூச்சமாக இருந்தது. தரையில் சிந்திக் கிடந்த காயைப் பொறுக்கப் போனான்.

“சொல்ல வேணாம். வேண்டுதலை வெளிய சொன்னாப் பலிக்காது” என்றான் உக்கிரபாண்டி. “டியூபு நான் தர்றேன். ஒட்டுப் போட்டுக் காத்தடிச்சு, அணைக்கரை வரைக்கும் ஜீப்புலயே கொண்டாந்து எறக்குறேன். சாமி காரியம்.”

அங்கேதான் பிசகியது. வெளியே சொல்லக் கூடாது என்றவனே அதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டான். மறுநாள் சோணை எழுந்து முகம் கழுவுவதற்குள் அவன் நேராத சாமிக்குப் பேரும் வைத்தாகிவிட்டது.

“தண்ணி நிக்கிற எடத்துல கன்னிமாரு இல்லாம இருப்பாகளா?” என்று கருத்தம்மா குழாயடியில் அடித்துச் சொன்னாள். “ஏழு பேரும் அங்கனதான் இருக்காக. எங்க ஊருக் கம்மாயில இல்லியா? அதான் மச்சானுக்குக் கெனாவுல வந்து கூப்பிட்டிருக்காக.”

கனவில் வந்தது என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேலையெல்லாம் தானாக நடந்தது. லீவு கேட்டால் எரிந்து விழுகிற வெள்ளைத்துரை தானே வந்து, “அன்னைக்கு அடுப்பை நான் பாத்துக்கிறேன், நீ நல்லபடியா முடிச்சுட்டு வா” என்றார். மூங்கில் வந்தது. கயிறு வந்தது. யாரோ ஒரு சேவலைக் கொண்டுவந்து காலைக் கட்டிப் போட்டார்கள். மொக்கையன் ஒரு கை அளவுக்கு மரத்தொட்டில் ஒன்றைச் செதுக்கி, மஞ்சள் பூசிக் கொண்டுவந்து நீட்டினான்.

“திட்டுல ஏதாச்சும் மரம் இருக்கும்ணே. அதுல கட்டிருங்க.”

அவன் விரலில் உளி பட்டு வெட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சோணையால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு தரமும், இதோ இப்போது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஒவ்வொரு தரமும் எதிரே நிற்கிறவர் கையில் ஏதோ ஒன்று இருந்தது. சாமி இல்லையென்றால் டியூபு இல்லை, லீவு இல்லை, ஜீப்பு இல்லை. திட்டே இல்லை.

பிறகுதான் கருத்தம்மா சட்டம் போட்டாள்.

“கன்னிமாரு பொல்லாதவுக மச்சான். வெரதம் சுத்தமா இருக்கணும். அன்னைக்கு நீங்க கெழக்க, அக்கா மேக்க. ஒட்டிப் படுத்துரக் கூடாது. நடுவுல நான் படுத்துக்கிறேன்.”

“நீயா?”

“தொணைக்கு ஆளு வேணாமா? நானும் வர்றேன், அவரும் வர்றாரு, பிள்ளைகளும் வருதுக. ரெண்டு ரெண்டு பேராத் துடுப்புப் போட்டுக் கொண்டு சேத்துர மாட்டீகளா?”

சோணைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. லயத்துப் படுதா துடுப்புப் போட்டுக்கொண்டு திட்டுக்கும் வரப் போகிறது.

சுருளியம்மாளிடம் அவன் முன்கூட்டி எதையும் சொல்லியிருக்கவில்லை. பவுர்ணமிக்கு ஒரு இடத்துக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். கொண்டுபோய்க் காட்டுகிறபோது அவள் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க ஆசை. இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தப்பும் தவறுமாக. ஒரு விடியலில் அவன் படியேறும்போது அவள் இறங்கவில்லை. உள்ளே அந்த மரத்தொட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க ஊர்க்காரி கேட்டா. உங்க ஊர்க்காரி கேட்டா. பஸ்சுல பக்கத்துல உக்காந்தவ கேட்டா. எங்கண்ணனே கேட்டான். ஏன் இல்ல, ஏன் இல்லன்னு” என்றாள். குரல் மூச்சுக்கு மேலே எழும்பவில்லை. “கேக்காத ஆளு நீ ஒருத்தன்தான். அதுக்காகத்தான் இம்புட்டு நாளு இந்தக் குளிரத் தாங்குனேன். இப்ப நீயும் கேட்டுட்டல்ல மாமா.”

“ஏ புள்ள, அது அப்படியில்ல. அது வந்து…”

படுதா அசைந்தது. “அக்கா, ஒரு கல்லு உப்புக் கெடைக்குமா?” என்றது கருத்தம்மாவின் குரல்.

சுருளியம்மாள் எழுந்து உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாக்கைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பவுர்ணமியன்று மத்தியானம் ஜீப்பு அணைக்கரைக்கு வந்தது. தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில், செம்மண் கரையில் எல்லோரும் இறங்கினார்கள். மொக்கையன் சேவலோடு, கருத்தம்மா பூசைச் சாமானோடு, பிள்ளைகள் சும்மா கத்திக்கொண்டு. சுருளியம்மாள் தன் துணிமூட்டையையும் கொண்டுவந்திருந்தாள். நாளைக் காலையில் இங்கிருந்தே ஜீப்பில் போடிக்கு இறங்கிவிடுவதாக உக்கிரபாண்டியிடம் சொல்லி வைத்திருந்தாள். மூட்டையை மண்ணில் வைத்து, அதற்குப் பக்கத்தில் தள்ளி நின்றுகொண்டாள்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே போகிற மேகம் கீழேயும் போனது. தூரத்தில் அந்தத் திட்டு, புல் வெளுத்து, யாரோ விரித்துப்போட்ட கம்பளி மாதிரி தெரிந்தது. சோணை டியூபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மூங்கிலைக் குறுக்கே வைத்து, கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினான். மனசுக்குள் எத்தனையோ தடவை கட்டிய கட்டு. கை தானாகப் போனது. சாக்கை விரித்துத் தண்ணீரில் தள்ளினான். மிதந்தது. அந்த ஒரு நிமிசம் அவனுக்கு வேறெதுவும் ஞாபகமில்லை.

“மொதல்ல நானும் சேவலும் போயி எடத்தச் சுத்தம் பண்ணுறோம்ணே” என்று மொக்கையன் ஒரு காலை மிதவையில் வைத்தான்.

சோணை அவன் கையைப் பிடித்தான்.

“எறங்கு மொக்கையா.”

“ஏண்ணே? கனம் தாங்காதா?”

“அங்க சாமி ஒண்ணும் இல்லப்பா.”

கருத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தண்ணிக்கரையில நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுறீக மச்சான்!”

“இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் அவுகளப் பாக்க வரல. கெனாவும் வரல. நான் எதுவும் நேந்துக்கல.”

உக்கிரபாண்டி ஜீப்பின் மேல் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். “அப்ப எங்கிட்ட எதுக்குடா சாமின்னு சொன்ன?”

“நான் சொல்லல மச்சான். நீங்களா கேட்டீக. நான் இல்லைன்னு சொல்லல. அது எம் பேருல தப்புத்தான்.”

“பின்ன என்னத்துக்குத்தான் போற?”

“சும்மாதான்.”

“சும்மாவா? ஆனை எறங்குற தண்ணியில, இந்தக் குளிருல, பொம்பளையக் கூட்டிக்கிட்டு, சும்மாவா? யாருக்கிட்டடா கத விடுற?”

சோணை தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது மடல் சிவந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அதனிடம் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

“கலியாணமாயி ஆறு வருசமாச்சு. இவ தூங்கி நான் பாத்ததில்ல.”

மொக்கையன் மிதவையில் வைத்திருந்த காலை எடுத்தான்.

“ராத்திரி நான் ஸ்டோருல. பகல்ல இவ காட்டுல. வேல இல்லாத நாள்ல நான் வராந்தாவுல, இவ உள்ள. தூங்குறப்ப இவ மொகம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒருக்களிச்சுப் படுப்பாளா, மல்லாந்து படுப்பாளா? அது உனக்குத் தெரியும் கருத்தம்மா, எனக்குத் தெரியாது. செலமலைக்குப் போறேங்குறா. போறதுக்கு மொத ஒரு ராத்திரி இவ தூங்குறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அம்புட்டுத்தான். பிள்ளை நான் கேக்கல. இவகிட்டயும் கேக்கல, சாமிகிட்டயும் கேக்கல.”

சேவல் ஒரு தரம் இறக்கையை அடித்தது. கருத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு புருசன் பக்கம் திரும்பினாள்.

“நீயும்தான் இருக்க. நான் கண்ணசந்தா கொறட்டை விடுறேன்னு பிள்ளைகளவிட்டு எழுப்பச் சொல்லுற ஆளு.”

“விடுறல்ல” என்றான் மொக்கையன்.

உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. கரைக்கு இறங்கி வந்து, மிதவைப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். “சாமிக்குன்னுதான் டியூபக் குடுத்தேன். சாமிக்குக் குடுத்ததை மனுசன் கூத்தடிக்கத் தர முடியாது மாப்ளே. பொல்லாப்பு எனக்கு வேணாம்” என்று சொல்லிக்கொண்டே முதல் முடிச்சில் கை வைத்தான். சோணை தடுக்கவில்லை. தடுக்க அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

“அண்ணே, கயித்துல கை வைக்காதீக.”

சுருளியம்மாள்தான். மூட்டையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகி, தண்ணீருக்குள் இறங்கி, மிதவையின் மேல் ஏறி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டியூபு ரெண்டும் ஒரு முக்கு முக்கி மேலே வந்தன.

“இப்பக் கழட்டுங்க பாப்போம்.”

உக்கிரபாண்டி முடிச்சைப் பிடித்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அசையவில்லை. அவன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு அவிழ்த்த முடிச்சை அவனே திரும்ப இழுத்துக் கட்டினான், முன்னைவிட இறுக்கமாக.

“தங்கச்சியத் தண்ணியில தள்ளிட்டு டியூபத் தூக்கிட்டுப் போனாம்னு ஊருல பேசவா? எனக்கு எதுக்கு?” என்றான். “ஏ மாப்ளே, காலையில காத்து எறங்காமக் கொண்டாந்து சேரு. ஆனை வந்தா டியூபக் காட்டாத. அதுக்கு உதைக்கப் பிடிக்கும்.”

“சேவல என்ன பண்ணுறது?” என்று மொக்கையன் கேட்டான்.

“லயத்துக்குக் கொண்டுபோயி கொழம்பு வைய்யி” என்றாள் கருத்தம்மா. ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கரையில் ஒரு கல்லைக் கழுவி வைத்து அதில் சூடத்தைக் கொளுத்தினாள். “இருக்காகளோ இல்லியோ. தூங்குற எடத்துல கோவிச்சுக்கக் கூடாதுல்ல.”

சோணை படங்கையும் கம்பளியையும் ஏற்றிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்து துடுப்பைப் போட்டான். மஞ்சில் பழகிய துடுப்பு தண்ணீரில் வேறு மாதிரி இருந்தது. மிதவை முன்னால் போகாமல் தட்டாமாலை சுற்றியது. கரையிலிருந்து பிள்ளைகள் கைகொட்டின. “வலக் கையில போடுடா! ஏய், எடக் கை, எடக் கை!” என்று உக்கிரபாண்டி கத்தினான். ரெண்டாவது தரம் சுற்றி வரும்போது சுருளியம்மாள் சாக்குக்கு அடியில் கிடந்த இன்னொரு பலகையை உருவி எடுத்து அந்தப் பக்கம் போட்டாள். சுற்று நின்றது. மிதவை கொஞ்சம் யோசித்துவிட்டு, திட்டைப் பார்க்கத் திரும்பியது.

கரை தள்ளிப் போனது. சத்தங்கள் சின்னதாகின. ஜீப்பு உறுமுவது தேனீ ரீங்கரிப்பது போலக் கேட்டு, அதுவும் ஓய்ந்தது. தண்ணீருக்குள் வானம் ஆழமாக இருந்தது. துடுப்பு பட்ட இடத்தில் வானம் உடைந்து, பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. மேற்கே மலை நீலமாகி, நீலம் தண்ணீரில் கரைந்து, எது மலை எது அதன் நிழல் என்று தெரியவில்லை.

வெகுநேரம் ரெண்டு துடுப்பும் மாறி மாறி விழுந்தன. பிறகு சுருளியம்மாள் பழக்கத்தில் தணிந்த குரலில் கேட்டாள்.

“மாமா, இங்கனருந்து பேசினா யாருக்காச்சும் கேக்குமா?”

“யாருக்குக் கேக்கும்?”

அவள் திரும்பி நாலு பக்கமும் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

“ஏய்!” என்றாள் சத்தமாக. யாரும் இருமவில்லை. யாரும் உப்புக் கேட்கவில்லை.

அப்புறம் அவள் பேசத் தொடங்கினாள். காட்டில் ஒரு நாள் மலையணில் ஒன்று அவள் கூடைக்குள் எட்டிப் பார்த்ததைச் சொன்னாள். காய் அளக்கிறபோது வெள்ளைத்துரை எப்படி உதட்டைக் கடிப்பார் என்று செய்து காட்டினாள். கலியாணத்தன்று சோணையின் வேட்டி அவள் சேலையோடு முடிச்சுப் போட்டிருந்ததையும், அவன் முடிச்சை மறந்து எழுந்து போனதில் அவள் மணையோடு கவிழ இருந்ததையும், அன்றைக்கே கேட்க நினைத்து இத்தனை வருசமாகக் கேட்காமல் விட்டதையும் சொன்னாள். சிலமலையில் அண்ணன் தோட்டத்து மோட்டார் ரூம் சும்மா பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னாள். “நீட்டிப் படுத்தா காலு இடிக்கும். ஒரு ஆளு படுக்கலாம். நெருக்கினா ரெண்டு ஆளு படுக்கலாம். மோட்டாருச் சத்தந்தான் இருக்கும், ஆளுச் சத்தம் இருக்காது. கெணறும் பக்கத்துலதான். நீ அங்க வந்து தண்ணி பாச்சு. தீயத் தள்ளுன கைதான, தண்ணியத் தள்ள மாட்டியா?”

“உங்கண்ணன் என்ன சொல்லும்?”

“அவன் என்ன சொல்லுறது? நான் சொல்லுறேன்.”

சோணை துடுப்பை மடியில் வைத்துவிட்டான். மிதவை தன்பாட்டில் போனது. தூரத்துக் கரையில், புல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே, பாறைகள் என்று நினைத்திருந்தவை ஒவ்வொன்றாக அசைந்து குடிக்க இறங்கின. அவன் அவளுக்குக் காட்டக் கையைத் தூக்கினான். அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே பேசினாள். கிழக்கே நிலா, இன்னும் நிறம் வராமல், கழுவிய தட்டு மாதிரி மேலே வந்தது.

“அப்ப நாளைக்குக் காலையில ஜீப்புல எறங்குறியா?” என்று அவன் கேட்டான்.

“அட இரு மாமா. பேச்சை அத்துவிடாத. இன்னும் நான் அந்தக் கண்ணுக்குட்டி கதைக்கே வரல.” அவள் காலை நீட்டிக்கொண்டு மூட்டையின் மேல் சாய்ந்தாள். “எங்க சித்தி வீட்டுல ஒண்ணு இருந்துச்சு, செவல. அதுக்கு ராசிங்காபுரம் சந்தைக்குப் போறதுன்னா பிடிக்கவே பிடிக்காது. ஒருநா என்ன பண்ணுச்சுன்னா…”